காட்சிக்கு வைத்த மீன்கள்

என் தங்கைக்குக் கல்லூரியில் வைத்த பெயர் பாய்லர். வீட்டில் அதற்கு முன்பே எத்தனையோ செல்லப் பெயர்கள் வைத்திருந்தோம். எதுவும் இந்த அளவுக்குப் பொருந்தியதில்லை. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காது சிவக்கும், பிறகு மூக்கு, அப்புறம் வாய் திறக்கும். வாய் திறப்பதற்குள் அறையை விட்டு நகர்ந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பாள் அம்மா. அந்தப் புத்தி எங்கள் அப்பாவுக்கு மட்டும் கிடையாது. அவருக்கும் அதே காது, அதே மூக்கு.

அப்பா அப்போது ஒரு முதலாளியிடம் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே நல்ல கிணறு இருக்கும் தோட்டங்களில் நிரப்பி, அடுக்குமாடிகளுக்கும் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டுபோய் ஊற்றுவது வேலை. பிற்பாடு எங்கள் தெருவுக்கும் லாரித் தண்ணீர்தான். எங்கள் வீடு தொழிற்பேட்டையின் முதுகுப்பக்கம் இருந்தது. சாயப்பட்டறைகளின் கழிவெல்லாம் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கே சுத்தமாகி, எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் விழுவதாக ஏற்பாடு. ஏற்பாடு காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஓடையில் அன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறது என்று பார்த்தே பட்டறையில் என்ன துணி நனைகிறது என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வீட்டுப் பம்பு கெட்டுப்போனதை முதலில் கண்டுபிடித்தது பாய்லர்தான். பள்ளியில் ஒரு தோழி அவளுக்கு பிளாஸ்டிக் பையில் இரண்டு மீன்களைக் கொடுத்தாள். இவள் பம்பிலிருந்து நீர் அடித்து ஊற்றி அவற்றை விட்டாள். சாயங்காலம் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. நாங்கள் அதுவரை அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா அன்றைக்கே நிறுத்திவிட்டாள். பாய்லர் மட்டும் மீனை நிறுத்தவில்லை. அப்பா கொண்டுவரும் லாரித் தண்ணீரில் மறுபடி ஆரம்பித்தாள். விரிசல் விட்ட கண்ணாடித் தொட்டி, ஊறுகாய் ஜாடி, யாரோ தூக்கி எறிந்த ஃபிரிட்ஜின் உள்பெட்டி என்று மாடிப்படி முழுக்க மீன். படியேறி வருகிறவர்கள் சுவரை ஒட்டித்தான் வர வேண்டும். "அக்கா, இது மூச்சுக்குத் தவிக்குது பாரு, மேல வந்து வாயத் தொறக்குது" என்பாள். எனக்கு எல்லா மீனும் ஒரே மாதிரி வாயைத் திறப்பதாகத்தான் தோன்றும். நான் மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்கிறவள். மனிதர்களின் நோயே எனக்குச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

சுற்றுச்சூழல் பொறியியல் அவள் ஆசைப்பட்டு எடுத்ததல்ல. கம்ப்யூட்டர் படிப்புக்கு மதிப்பெண் எட்டவில்லை. மிச்சம் இருந்த இடம் இதுதான். முதல் வருடம் முழுக்க, "சாக்கடை படிக்கிறேன்" என்று எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். இரண்டாம் வருடம் ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். இவள் பம்புத் தண்ணீரைக் கொண்டுபோனாள். முடிவைப் பார்த்த பேராசிரியர், "எந்தச் சாக்கடையில மொண்டே?" என்று சிரித்தாராம். "எங்க வீட்டுப் பம்பு சார்" என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் படிப்பைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வேறு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

மூன்றாம் வருட விடுமுறையில் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனது அதே சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான். எப்படி நடக்கிறது என்று உள்ளே நின்று பார்க்க வேண்டும் என்றாள்.

அங்கே மேனேஜர் என்று ஒருவர். குரலே உயராது. எல்லோரையும் 'அம்மா', 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் இவளை உட்காரவைத்து, "படிப்பெல்லாம் இருக்கட்டும்மா. உனக்குன்னு என்ன ஆர்வம்? பாட்டு, டான்ஸ், அந்த மாதிரி?" என்று கேட்டிருக்கிறார்.

"மீன் வளர்ப்பேன் சார்."

மேனேஜர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டதாம். "கடவுளே பார்த்து அனுப்பியிருக்கார்" என்று எழுந்து, முன் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. ஆரஞ்சு நிறத்தில் கொழுத்த மீன்கள். தொட்டிக்கு மேலே பலகை: 'எங்கள் நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்ட நீரில் வாழும் மீன்கள்.' வருகிற விருந்தினர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.

"இதைப் பார்த்துக்க ஆள் இல்லாமத் தவிச்சிட்டிருந்தேம்மா. இனி இது உன் பொறுப்பு."

வேறு கல்லூரியிலிருந்து இரண்டு பையன்களும் அதே வாரம் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஹெல்மெட் கொடுத்துத் தொட்டிகளைச் சுற்றிக்காட்டினார்கள். இவள் கையில் சிறு வலையும் பாசி தேய்க்கும் பிரஷும். அன்று வீட்டுக்கு வந்து செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று எதிர்வீட்டு வாசலில் போய் விழுந்தது.

"அவனுங்களுக்கு ஹெல்மெட்டு, எனக்கு வலையா? நான் என்ன, மீன் பிடிக்கவா போயிருக்கேன்?"

மறுநாள் மேனேஜரிடமே கேட்டிருக்கிறாள். "அங்கெல்லாம் நாத்தம்மா, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்றாராம். "நாத்தத்தைத்தான் சார் மூணு வருஷமாப் படிக்கிறேன்" என்று இவள் சொன்னதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். குரல் உயர்த்தாதவர்களோடு சண்டை போடுவது பெரிய தொல்லை. சுவரில் குத்துவதாக நினைத்துத் தலையணையில் குத்தின மாதிரி ஆகிவிடும்.

இருந்தாலும் அவள் சும்மா இருக்கவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் தனியாகத் தொட்டிகளின் மேலே போகும் நடைபாதையில் ஏறிச் சுற்றினாள். காற்று ஊதும் பெரிய தொட்டி ஒன்று அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பழுப்பாக நுரைத்துக்கொண்டிருக்கும் அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருந்துகொண்டு கழிவைத் தின்கின்றன என்று, குழந்தைக்குக் கதை சொல்வதுபோல் எனக்குச் சொன்னாள். அடுத்த மூச்சிலேயே குரல் மாறிவிடும். "காத்து ஊதற மெஷின்ல பாதி ஓடலக்கா. கரன்ட் மிச்சமாம். காத்தே இல்லாம அதுங்க எப்படி உயிரோட இருக்கும்? பட்டினி போட்டுட்டு வேலை செய்யச் சொல்ற மாதிரி."

பிறகு ஒரு நாள் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. எந்தத் தண்ணீர் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அதுதான் பலகையில் எழுதியிருக்கிறதே. சுத்திகரித்த நீர் வெளியேறும் வாய்க்காலிலிருந்து வாளி வாளியாக மொண்டுவந்து, மீனுக்கு அதிர்ச்சியாகாதபடி, பாதியை எடுத்துப் பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மதியத்துக்குள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தன. ஒன்றிரண்டு சாய ஆரம்பித்தன. இவள் ஓடிப்போய் அலுவலகத்தில் இருந்த குடிதண்ணீர்க் கேன்களையெல்லாம் ஒரு பீப்பாயில் கவிழ்த்து, வலையால் அள்ளி அள்ளி அதில் போட்டாள். பிழைத்தது சொற்பம். தரையெல்லாம் ஈரம், கையெல்லாம் செதில், அப்படியே உட்கார்ந்திருந்தபோதுதான் மேனேஜர் வந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் குரல் உயர்ந்தது.

"யாரும்மா உன்னை அந்தத் தண்ணிய ஊத்தச் சொன்னது? லாரித் தண்ணிதானே ஊத்தணும்!"

"போர்டுல அப்படித்தானே சார் எழுதியிருக்கு?"

"போர்டு பார்க்க வர்றவங்களுக்கும்மா. வேலை பார்க்கறவங்களுக்கு இல்ல."

இதைச் சொல்லிவிட்டு அவர் மீன் கடைக்கு ஃபோன் போட்டார். சாயங்காலத்துக்குள் தொட்டியில் புது மீன்கள் நீந்தின, அதே நிறம், அதே பருமன். வழக்கமாக நடப்பதுதானாம். பாய்லர் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. "என் கையாலேயே கொன்னேன்க்கா. அந்த ஆளு பொய்க்கு என் கையாலே கொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். காதுதான் சிவந்திருந்தது.

நானாக இருந்தால் அன்றோடு நின்றிருப்பேன். அவள் மறுநாளும் போனாள். அடுத்த வாரமே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழக்கமான ஆய்வு வந்தது. ஆய்வாளர் வருவதற்கு முன்னால் நிலையத்தில் என்ன நடக்கும் என்பதை அன்றைக்கு அவள் கண்ணால் பார்த்தாள். வெளியேறும் தண்ணீரைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். பின்பக்கக் கேட் திறந்தது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசித் தொட்டியைத் தாண்டிய வாய்க்காலில் நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டன. அதற்கும் கீழே, கேட் அருகில், ஆய்வாளர் வந்து பாட்டிலில் மொண்டுகொண்டு போவார். கழிவும் நல்ல தண்ணீரும் கலந்து, பார்வைக்குத் தெளிவாக இருக்கும்.

இரண்டாவதாக வந்த லாரியிலிருந்து இறங்கியவர் எங்கள் அப்பா.

பாய்லர் வாய்க்கால் ஓரமாகவே நின்றிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். குழாயை இழுத்துக்கொண்டு வந்து, "தள்ளி நில்லும்மா, மேல தெறிக்கும்" என்றார், முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்வதுபோல. குழாயை வாய்க்காலில் வைத்துத் திறந்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியோரம் போய் நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை நான் உயிரோடு இருக்கும்வரை மறக்க மாட்டேன். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். பாய்லர் பையைக்கூடக் கழற்றவில்லை.

"மகளைப் பார்த்துத் தள்ளி நில்லும்மான்னு சொன்னீங்க, இல்ல?"

"பின்ன? எம்பொண்ணுன்னு சொன்னா முதல்ல உன்னைத்தான் வெளியே தள்ளுவான்."

"தள்ளட்டும்! நீங்க எவ்ளோ நாளா அங்க ஊத்துறீங்க?"

"ரொம்ப நாளா. டிரைவருக்கு என்ன தெரியும்? ஊத்துன்னா ஊத்துவேன், நிறுத்துன்னா நிறுத்துவேன். எதுக்கு, எங்கன்னு கேட்டா மறுநாள் ஸ்டீரிங்ல வேறொருத்தன் உக்காந்திருப்பான்."

"நம்ம பம்புல வர்றது அங்கேர்ந்து வர்ற தண்ணிதாம்ப்பா. அதை மறைக்கத்தான் நல்ல தண்ணி கொண்டுபோறீங்க. அப்புறம் பம்பு கெட்டுப்போச்சுன்னு அதே நல்ல தண்ணிய நம்ம தெருவுக்கே வித்துட்டு வர்றீங்க. வெக்கமா இல்ல?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. தட்டு சுவரில் போய் அடித்துக் கீழே விழுந்தது. அம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "உன் படிப்பு எந்தத் தண்ணியில ஓடுதுன்னு நெனச்ச?" என்று அப்பா கத்தினார். "அடுத்த தடவை வந்தா உங்களைக் கையோட காட்டிக்குடுப்பேன்" என்று இவள் கத்தினாள். "காட்டுடி. காட்டு பாப்போம்" என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாடு அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் இருவருக்கும் நான்தான் தபால்காரி. "அவகிட்ட சொல்லு, பக்கெட்டை வழியில வைக்க வேணாம்னு." "அவர்கிட்ட சொல்லு, பக்கெட்டுல மீன் இருக்குன்னு."

இன்டர்ன்ஷிப் முடிகிற சமயத்தில் வாரியத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வரப்போவதாகத் தகவல் வந்தது. புதிதாக மாற்றலாகி வந்தவர். மேனேஜருக்கு அறிமுகம் இல்லாதவர். அதனால் மேனேஜருக்கு உள்ளுக்குள் உதறல். நிலையத்துக்கே வெள்ளையடித்தார்கள். பாய்லரைக் கூப்பிட்டு, "நாளைக்கு நல்ல டிரெஸ் போட்டுட்டு வாம்மா. பூச்செண்டு நீதான் குடுக்கணும்" என்றார்.

அவள் வழக்கமாகப் போடும், மீன் தொட்டிப் பாசி படிந்த அதே சட்டையில்தான் போனாள். பூச்செண்டைக் கொடுக்கவும் செய்தாள்.

அதிகாரி அம்மா வயதானவர், முட்டி வலிக்காரர், கோல் ஊன்றி நடந்தார். மீன் தொட்டியின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். அது வலிக்காகவா, மீனுக்காகவா என்று தெரியவில்லை. பலகையைப் படித்துவிட்டு, "நிஜமாவே உங்க தண்ணியா?" என்று கேட்டார்.

"நூத்துக்கு நூறு, மேடம். நம்ம இன்டர்ன் பொண்ணுதான் பார்த்துக்கறா."

"அப்படியாம்மா?" என்று அவர் பாய்லர் பக்கம் திரும்பினார்.

முதலில் காது, பிறகு மூக்கு. அதற்கப்புறம் அவள் சொன்னாள்: "இல்ல மேடம். இது லாரித் தண்ணி. வெளியே போற தண்ணிய ஊத்தினா மதியம்வரைகூடத் தாங்காது. ஊத்திப் பார்த்திருக்கேன். அத்தனையும் செத்துப்போச்சு. இது கடையில வாங்கின வேற மீன்."

மேனேஜர் சிரித்தார். "சின்னப் பொண்ணு மேடம், ஏதோ வெளையாட்டுக்கு..."

"அவ பேசட்டும்" என்றார் அதிகாரி அம்மா.

"இப்ப வெளியே போய்ப் பாருங்க மேடம். வாய்க்கால்ல இந்த நிமிஷம் லாரி ஊத்திட்டிருக்கும்."

அந்த நிமிஷம் ஊற்றிக்கொண்டிருப்பது யாருடைய லாரி என்று அவளுக்குத் தெரியும். பின்பக்கக் கேட்டில் அப்பாவின் வண்டி வந்து நின்றதைப் பார்த்திருந்தாள். தெரிந்தேதான் முன்னால் நடந்தாள்.

வாய்க்கால் ஓரமாக அப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தார். குழாயை மூடவில்லை, ஒளியவும் இல்லை. காட்டு பாப்போம் என்று சொன்னவர் அல்லவா, அப்படியே நின்றார். அவர் அன்று எந்த மனநிலையில் இருந்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. மேனேஜர் மட்டும் அடுத்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அப்பா வாயே திறந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

மேனேஜர் சொன்னது இது: "செடிக்கு ஊத்தச் சொன்னோம் மேடம். படிக்காத பசங்க. எங்க ஊத்தணும்னு தெரியாம இதுல விட்டுட்டான்."

அப்பாவின் காது சிவந்தது. பிறகு மூக்கு.

"யாருய்யா தெரியாம ஊத்தினது? நானா?" குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் மேனேஜர் காலில் பாய்ந்தது. "எத்தனை வருஷமா வண்டி ஓட்டுறேன், ஒரு சொட்டு இடம் மாறி ஊத்தியிருக்கேனா? இதுதான் இடம்னு தார்ல கோடு போட்டுக் காட்டினது நீதானே? வெள்ளையடிக்கறப்பகூட அந்தக் கோட்டை அழிக்கலையே, அந்தா இருக்கு, பாரு!"

இருந்தது. வாய்க்கால் சுவரில் குழாய் வைக்கும் இடம் என்று பட்டையாக ஒரு கோடு. அதிகாரி அம்மா கோலை ஊன்றிக் குனிந்து அதைப் பார்த்தார். கடைசித் தொட்டியிலிருந்து, லாரித் தண்ணீர் சேருவதற்கு முன்னால், சாம்பிள் எடுக்கச் சொன்னார். பாய்லரே இறங்கி மொண்டு கொடுத்தாள். பாட்டிலில் இருந்தது காப்பி நிறத்தில் இருந்ததாம்.

நிலையத்தை மூடினார்கள். அதோடு பட்டறைகளும் மூடின. அப்பாவின் வேலை அன்று மாலையே போயிற்று. இதுவரை கேட்டவர்கள், நல்லது நடந்தது என்று நினைத்தால், எங்கள் தெருவில் வந்து சொல்லிப் பார்க்கட்டும். தெருவில் பாதிப் பேர் பட்டறைக் கூலிகள். "எங்க அடுப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டா" என்று எங்கள் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது போல!

ஒரு நாள் மத்தியானம் நான் கடையிலிருந்து வந்தபோது மாடிப்படியெல்லாம் நுரை. யாரோ அவளுடைய தொட்டிகள் எல்லாவற்றிலும் சோப்புத் தூளைக் கொட்டியிருந்தார்கள். ஜாடியைக்கூட விடவில்லை. ஒரு மீன்கூட மிஞ்சவில்லை.

பாய்லர் வந்து பார்த்தாள். பிறகு படியின் உச்சியில் நின்றுகொண்டு தெரு முழுக்கக் கேட்கிறபடி கத்தினாள். "வெளியே வாங்க! மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க! நான் யாருக்காகய்யா பேசினேன்? உங்க பிள்ளைங்க உடம்பெல்லாம் சொறிஞ்சிட்டுத் திரியுதே, அது எந்தத் தண்ணியில வந்துச்சு? பட்டறை முதலாளிகிட்டப் போய்க் கேக்கத் தைரியம் இல்ல, மீனைக் கொல்லத்தான் தைரியமா?"

ஒரு கதவும் திறக்கவில்லை. அப்போது அவளோடு பேச்சை நிறுத்தியிருந்த அப்பா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். அவளைத் தாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமல், படியிறங்கி நடுத்தெருவில் போய் நின்றார். "யாருடா ஊத்தினது? ஆம்பளையா இருந்தா எங்கிட்ட வாடா!" அவர் தொண்டை கட்டும்வரை அங்கேயே நின்று கத்தினார். மேலே இவள், கீழே அவர். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் நுரையைக் கழுவிவிட்டேன். எனக்கும் யாரையாவது அறைய வேண்டும் போலத்தான் இருந்தது. கழுவுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்று கழுவினேன்.

சில மாதங்களில் நிலையம் மறுபடி திறந்தது. காற்று ஊதும் மெஷின்கள் எல்லாமே ஓடுகின்றனவாம். புது மேனேஜர். பழையவரை வேறு ஊர் நிலையத்துக்கு மாற்றினார்கள், அதே பதவியில். அங்கேயும் மீன் தொட்டி வைத்திருப்பார் என்று நினைத்தாலே பாய்லருக்குப் பல் நறநறக்கும். இவளுக்கு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கிடைக்கவில்லை. கல்லூரியில் துறைத்தலைவர், "பாடம் கத்துக்க அனுப்பினா போலீஸ் வேலை பார்த்துட்டு வந்திருக்கே" என்றார். அடுத்த விடுமுறையில் நகராட்சிப் பம்பு நிலையம் ஒன்றில் மறுபடி முதலிலிருந்து செய்தாள். அங்கே ஹெல்மெட் கொடுத்தார்கள். அப்பா இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகளின் சத்தம் தாங்கவில்லை என்று புலம்புகிறார். இருவரும் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் அந்த நாளைப் பற்றி மட்டும் இல்லை. அந்தப் பேச்சு எழுந்தால், கோட்டைக் காட்டியது தான்தான் என்று அவர் ஆரம்பிப்பார், அங்கே கூட்டிக்கொண்டு வந்தது யார் என்று இவள் கேட்பாள், அம்மா எழுந்து அறையை விட்டுப் போய்விடுவாள்.

படிப்பு முடிந்ததும் பாய்லர் வேலைக்கு மனுப் போட்ட முதல் இடம் அதே சுத்திகரிப்பு நிலையம். நான் திகைத்துப்போனேன்.

"அங்கேயா போற? உன்னை உள்ளேயே விட மாட்டானுங்க."

"அந்தத் தொட்டி நல்ல தொட்டிக்கா. ஒழுங்காக் காத்துக் குடுத்தா அது பாட்டுக்கு வேலை செய்யும். நடத்தற ஆளுங்கதான் சரியில்ல."

இன்டர்வியூவில் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்களாம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். "சரிம்மா, அப்புறம் தெரியப்படுத்துறோம்" என்றார்களாம். "அப்புறம் என்ன சார் தெரியப்படுத்துவீங்க? இல்லைன்னா இப்பவே இல்லைன்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று சொன்னார்கள்.

இந்த வருடமும் அங்கே ஆள் எடுக்கிறார்கள். மறுபடி மனுப் போட்டிருக்கிறாள்.